ஆண்டு அனுபவித்து

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா விருத்தாசலத்தில் மூன்று சென்ட் மனையும் ஓட்டு வீடும் வாங்கினார். அவருக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் வார்ப்பு வேலை. வெள்ளைக் களியைக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார். அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் தோல் கட்டியதும், மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். பத்திரத்தை வாங்கிவந்த அன்று அவர் விரலிலிருந்த வெள்ளை, முத்திரைத்தாளின் ஓரத்தில் படிந்துவிட்டது. அந்தத் தடம் இன்றைக்கும் இருக்கிறது.

என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மூச்சு வாங்கியது எனக்கு.

"அனுபவிக்கிறதுன்னா சந்தோஷமா இருக்கிறதாப்பா?"

"எவனும் வந்து எழுந்து போன்னு சொல்லாம இருக்கிறதுடா" என்றார்.

சட்டம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான். சொத்தைக் கையில் வைத்திருப்பது, பயன்படுத்துவது, அதன் விளைச்சலையோ வாடகையையோ எடுத்துக்கொள்வது, இதெல்லாம் பிறர் இடைஞ்சல் இல்லாமல் நடப்பது: இவ்வளவும் சேர்ந்ததுதான் அனுபவம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, குத்தகை என்பதையே சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றிக் கொடுப்பது என்றுதான் விளக்குகிறது. மனம் மகிழ்ந்ததா என்று எந்தக் கோர்ட்டும் கேட்பதில்லை. நம் பேச்சிலும் அப்படித்தானே? சுகத்தையும் அனுபவிக்கிறோம், ஜெயில் தண்டனையையும் அனுபவிக்கிறோம்.

அந்த வீட்டை உண்மையில் அனுபவித்தது அம்மாதான். பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பொதுக்கிணற்றுக்குப் போய், இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக வருவார். மழைக்காலத்தில் வழுக்காமலிருக்க, சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிய ஓடுகளை அப்பா கொண்டுவர, அம்மா அவற்றைச் சந்தில் பதித்தார். இருபத்தைந்து வருஷம் கழித்துப் பக்கத்து மனையை வாங்கியவர் அங்கே முள்வேலி போட்டார். எங்கள் பத்திரத்தில் சந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆனால் அதே 1882இல் வந்த வசதியுரிமைச் சட்டம், இருபது வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு ஒரு வழியை அனுபவித்தால் அது பாத்தியதை ஆகிவிடும் என்கிறது. அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே, எங்கள் ஊர்ப் பழமலைநாதரிடம் பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்ட சுந்தரரின் கதையில் இந்த நியாயம் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அவர் அடிமை என்று சொல்லும் ஆளோலை வழக்கு வந்தபோது சேக்கிழார் மூன்று சாட்சியங்களைச் சொல்கிறார்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. எங்களுக்கு ஆவணம் பேசவில்லை. தேய்ந்துபோன ஓடுகளும் தெருப் பெண்களும் பேசினார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வேலி எடுக்கப்பட்டது.

அப்பா இறந்தபின் போன வருஷம் பத்திரம் எழுதப் போனோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். நான் அந்த வாசகத்தைத் தேடினேன். புத்திர பௌத்திர பாரம்பரியம் கூட அப்படியே இருந்தது. வீட்டை என் பெயரிலும் தங்கை பெயரிலும் போட்டு, அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும் வைக்கலாம் என்றார் எழுத்தர். குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், விற்க முடியாது. எனக்கு அது சரியென்றே பட்டது. தங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அனுபவிச்சது போதும்ணே. விக்கிரயம் பண்ற பாத்தியமும் அம்மாவுக்கு இருக்கட்டும்."

அவள் சொன்னதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். தங்கை காட்டினாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.