கேடி யார்?

தமிழில் ‘கேடி’ என்றால் போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் ஏறியவன். கோல்ஃப் மைதானத்தில் கேடி என்றால், பதினான்கு மட்டைகள் வரை அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலைந்து மணி நேரம் வெயிலில் நடக்கிற கூலிக்காரர். கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் ‘கார்ப்பரேட் கோப்பை’ ஒன்றுக்கு நான் மூன்று வருஷம் எடுபிடி. இந்தப் பெயர் ஆள் மாறிப்போய் ஒட்டிக்கொண்டது என்பது முதல் வருஷமே புரிந்துவிட்டது.

எடுபிடிக்கு அலுவலக மொழியில் அட்மின். தொப்பியில் லோகோ நேராக இருக்கிறதா, பந்து டப்பா குறைகிறதா, எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஸ்காட்ச், எல்லாம் என் மேஜை தாண்டித்தான் போக வேண்டும். ஒரு மார்ச் மாதம் ஒரே நாளில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று சுற்றறிக்கை: செலவைக் குறைக்க வேண்டியிருப்பதால் மாலை டீயோடு கொடுக்கும் பிஸ்கட் நிறுத்தப்படுகிறது. மற்றொன்று கோப்பைச் செலவுக்கான ஒப்புதல். இரண்டிலும் ஒரே கையெழுத்து. பிஸ்கட்டை நிறுத்தியதில் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விருந்து மேடையின் பூ அலங்காரத்துக்கே போதவில்லை.

ஆட்டம் இப்படி. அணிக்கு நாலு பேர். நன்றாக ஆடிய இரண்டு பேரின் புள்ளிதான் கணக்கில் சேரும். மற்ற இரண்டு பேர் எதற்கு என்று அப்பாவியாகக் கேட்டேன். “அவங்கதான்யா ஆர்டர் கொடுக்கிறவங்க” என்றார் மேலாளர். ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. ஆடத் தெரியாதவருக்குக் கொடுக்கும் சலுகை எண். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை, உச்சவரம்பு 54. ரேஷன் கார்டுக்காக வருமானத்தைக் குறைத்துச் சொன்ன பெயிண்டரை ஊரே திருடன் என்கிறது. கோப்பை நெருங்கும்போது மட்டும் முதுகுவலி வந்து, மோசமாக ஆடி, சலுகை எண்ணை ஏற்றிக்கொள்ளும் எங்கள் நிதித்துறைத் தலைவரைச் ‘சாமர்த்தியசாலி’ என்றார்கள். எண்ணைத் திருத்துவது அவருக்குக் கைவந்த கலை. சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே.

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். இந்த வகைப் போட்டியில் புள்ளி வேண்டுமென்றால் பந்து அதற்குள் விழுந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் பெரிய வாடிக்கையாளரின் பந்து ஆறடி தள்ளி நின்றால் குழியே எழுந்து அவரிடம் போய்விடும். “போதும் சார், எடுத்துடுங்க. உள்ளே போன மாதிரிதான்!” எங்கள் எம்.டி. இதைச் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு குழைவு. மகளின் பிரசவத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டுப் போன டிரைவரிடம் இதே வாய் என்ன சொன்னது என்பதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

இதற்குப் பெயர் அமெச்சூர் போட்டி. அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுபவர் என்று நினைத்திருந்தேன். வேலை நாளில், முழுச் சம்பளத்தோடு, கம்பெனி காரில் வந்து, கம்பெனி காசில் ஆடிவிட்டு, ஆர்டரையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை வேறு என்ன சொல்லி அழைப்பதென்று அகராதிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரர்கள் இந்த நோயை ஆழமாக அனுபவித்தவர்கள். விருந்தோம்பல் கோல்ஃப் அங்கே தனிக் கலை. கடைசியில் 2000 ஏப்ரலில் விதி போட்டார்கள்: தன் பதவியோடு தொழில் தொடர்புள்ளவருடன் அரசு அதிகாரி கோல்ஃப் ஆடக் கூடாது. அவரவர் காசை அவரவர் கொடுத்தாலும் கூடாது. நம் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ஐச் சேர்ந்தவை. சாதாரணச் சாப்பாடும் சமூக உபசரிப்பும் பரிசு ஆகாது. ‘ஆடம்பரமான’ அல்லது ‘அடிக்கடி’ நடக்கும் உபசரிப்பைத் தவிர்க்க வேண்டும். எது ஆடம்பரம்? வருஷத்துக்கு எத்தனை தடவை அடிக்கடி? அந்தச் சந்தில்தான் முழுப் பதினெட்டுக் குழி மைதானமே விரிகிறது. செலவுக்கும் கவலை இல்லை. கம்பெனி கட்டும் கிளப் சந்தா தொழில் செலவுதான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பெயிண்டர் வாங்கும் பிரஷ்ஷுக்கு மட்டும் பில் கேட்பார்கள்.

நிலமும் அப்படித்தான். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் கோல்ஃபும் ஆடினார்கள். 160 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்; 99 வருஷக் குத்தகை; ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். நல்ல பந்து ஒரு டஜன் அந்தக் காசுக்குக் கிடைக்காது. 730 கோடிக்கு மேல் பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தபோது, நகரத்தின் பாரம்பரியம் போச்சே என்று அழுதவர்களை நான் பார்த்தேன். கூவம் கரையில் குடிசையை இடித்துக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றியபோது அவர்கள் எந்தக் குழியில் ஆடிக்கொண்டிருந்தார்களோ.

கோல்ஃப் மேல் எனக்குக் கோபம் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் பை தூக்கியவர். பின்னாளில் அதே பட்டத்தை இரண்டு முறை வென்ற சௌரசியா, கொல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். இந்த நாட்டுக்குக் கோப்பை கொண்டுவந்தவர்கள் அந்தத் தோள்கள். கார்ப்பரேட் கோப்பையில் அந்தத் தோளுக்கு மதியம் ஒரு லெமன் சாதப் பொட்டலம். அதையும் பார்க்கிங் பக்கம் போய்த்தான் சாப்பிட வேண்டும்.

மூன்றாம் வருஷம், ஏழாவது குழி. வாடிக்கையாளர் ஒருவர் வீசிய அடி கோணலாகப் போய் ஒரு கேடியின் முழங்காலுக்குக் கீழே பட்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் எழுந்த கேள்வி: “பால் எங்கே போச்சு?” பட்டுத் தெறித்துப் புல்வெளி நடுவில் விழுந்திருந்தது. கை தட்டினார்கள். நான் ஓடிப்போய், “அண்ணே, எழுந்திருக்க முடியுதா?” என்றேன். “பையை மட்டும் யாராவது பிடிங்க சார். கீழே வெச்சா திட்டுவாங்க” என்றார். அன்று இரவு மேடையில் இதுதான் பெரிய நகைச்சுவை. அந்த அடியை அடித்தவருக்கு ‘ஆண்டின் அதிர்ஷ்டசாலி’ என்று ஒரு பரிசும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பில்லை நான் அனுப்பினேன். ‘எந்தத் தலைப்பில் வரும்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

கோப்பைக்குத் தலைப்பு இருந்தது: ‘விளம்பரம், வணிக மேம்பாடு’. ஆண்டறிக்கையில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் ஏதாவது ஒரு கம்பெனியின் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்.