கேனரிப் புள்ளின் வாய்மூடிப் பாட்டு: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

கேனரி பற்றி இதுவரை வந்த ஆய்வுகளின் பெருங்குறை, அவை கேனரியைப் பற்றியே பேசுவது. இக்கட்டுரை அக்குறையை இயன்றவரை தவிர்க்கும்.

வரையறை: கேனரித் தீவுகள், மதீரா, அசோர்ஸ் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்டு, லின்னேயஸால் 1758இல் அறிவியல் பெயரிடப்பட்ட சிறு பறவை. காட்டில் அதன் நிறம் பச்சையும் பழுப்பும் கலந்தது. நாம் வியக்கும் பளிச்சென்ற மஞ்சள், கூண்டில் வளர்த்தோர் தேர்ந்து தேர்ந்து பெருக்கியது, ஆகவே இடைச்செருகல்.

வகை மூன்று. நிறத்துக்கு வளர்ப்பவை: ஜெர்மனியில் 1920களில் தென்னமெரிக்கச் சிவப்பு சிஸ்கின் பறவையோடு கலந்து செந்நிறக் கேனரிக்கு வழி கண்டனர். உருவத்துக்கு வளர்ப்பவை: பார்த்தால் தெரியும். பாட்டுக்கு வளர்ப்பவை: இனி வருவன எல்லாம்.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் சங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளர் வளர்த்துப் புகழ் பெற்றது ஹார்ஸ் ரோலர். அலகை ஏறக்குறைய மூடிக்கொண்டே, மெல்லிய உருட்டுகளாகப் பாடும். அவ்வுருட்டுகளை நடுவர்கள் ஹோல்ரோல்லெ, க்னோரெ, வாசர்ரோல்லெ, குளுக்கெ என்றெல்லாம் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவர். இருட்டில் வைத்த கூண்டை நடுவர் முன் கொண்டுவந்து கதவைத் திறப்பர். பாடினால் மதிப்பெண் உண்டு. விதை கொறித்துக்கொண்டிருந்தால் இல்லை. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வும் இப்படித்தான். ஒரே வேறுபாடு, இங்கே நடுவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

இனி மூலம் பற்றிய சிக்கல். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கேனரிக்குப் பாட்டுச் சொல்லித்தர செரினெட் என்றொரு பெட்டி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி ஊதும், முள் பதித்த உருளை மெட்டைத் தேரும். ஒரு சீமாட்டி அதைச் சுற்றுவதை ஓவியர் ஷார்தேன் 1751இல் வரைந்திருக்கிறார். பெட்டியின் குரல் பறவையைப் பார்த்து அமைந்தது. பறவையின் மெட்டு பெட்டியிடம் கற்றது. எனில் முதல்நூல் எது, வழிநூல் எது? பெட்டியே என்பார் ஒரு சாரார் (காண்க: மேற்படி). மேற்படிக்குக் காண்க: கீழே. கீழே காணவேண்டிய பக்கம் கிழிந்துள்ளது. அது கிழிந்த வரலாற்றை உரைகாரர் ஒருவர் அடிக்குறிப்பில் விரிவாகத் தந்துள்ளார். அவ்வடிக்குறிப்பு கிழிந்த பக்கத்தில் உள்ளது. இவர் அவரையும் அவர் இவரையும் மேற்கோள் காட்டி இருவரும் பதவி உயர்வு பெற்றபின், சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எர்வியூ என்பவர் கேனரிகளுக்கென்று தனி நூல் எழுதினார். அவர் வகித்த பதவி, இளவரசி ஒருவரின் கேனரிகளுக்கு ஆளுநர். இது மட்டும் நான் புனைந்ததன்று. ஆளுநருக்கு என்ன வேலை என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும்.

சுரங்கக் கேனரி: ஒருகாலத்தில் நச்சுவாயுவை முதலில் உணர்ந்து சாய்ந்தது, பாட்டு இதன் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை.

பெட்டை பாடுமா? பாடியதாக வரும் குறிப்புகளை இரண்டாம் இடைச்செருகல் என்று தள்ளியிருப்பேன். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் பெட்டையும் பாடும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள். சோதனை செய்து பார்ப்பது நம் துறையின் மரபன்று என்பதால் இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

ஆண் கேனரியின் மூளையில் பாட்டுக்கான பகுதிகள் வசந்தத்தில் பெருத்து, இலையுதிர்காலத்தில் சுருங்குவதை ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நொட்டபோம் 1981இல் வெளியிட்டார். பேராசிரியர்களிடம் இப்படிப் பருவந்தோறும் பெருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, கருத்தரங்குப் பருவம் உட்பட.

இறகுதிர்க்கும் காலத்தில் ஆணும் பெரும்பாலும் வாயடங்கிவிடும். பாடாத கேனரியின் பாட்டு தனி நூலாக வெளிவரும். அதற்கு நிதி கேட்கும் விண்ணப்பம், இக்கட்டுரையைப் போல் மும்மடங்கு நீளத்தில், அனுப்பியாயிற்று.