மலைநாட்டுக் கடன் புராணம்

கோப்பிப் படலம்

கண்டி அரசனைப் பிடித்து நாடு கடத்தியாயிற்று. மலையும் காடும் கைக்கு வந்துவிட்டன. வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? கோப்பி நட்டான். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1820களில் கன்னொறுவையில் தாமே தோட்டம் போட்டு வழிகாட்டினார். பிறகு ஏக்கர் 5 சில்லிங் என்று காட்டை விற்றார்கள். விற்றது அரசாங்கம். வாங்கியவர்களில் பெரும்புள்ளிகள் அதே அரசாங்கத்தில் சம்பளம் எடுத்தவர்கள். நீதிபதி வாங்கினார், பட்டாளத்துத் துரை வாங்கினார், பாதிரியாரும் வாங்கினார். பரலோகத்துக்கு வழி சொன்னவருக்கே முன்பணத்துக்கு வழி தேடவேண்டி வந்தது. ஏனென்றால் கையில் காசு வைத்திருந்தவர் கொஞ்சம். இனிமேல் காய்க்கப்போகும் கோப்பியைக் காட்டிக் கடன்பட்டவர் அதிகம்.

லண்டனுக்கு மெதுவாகத்தான் கோபம் வந்தது. அரச உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருக்கக்கூடாது என்று 1840களின் நடுவில் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஸ்டான்லி பிரபு கட்டளை போட்டார். யார் எந்த ஆபத்துக்குள் நுழையலாம் என்று இந்த மலையில் கட்டிய பழைய வேலி அது. கட்டி முடித்த சுருக்கில், 1847இல், கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் வந்த விலைக்குப் போயின.

கஜானா வற்றியது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் மருந்து கண்டுபிடித்தார்: துவக்குக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கு வரி. கடன்பட்டது துரை, வரி கேட்டது நாய் வளர்த்தவனிடம். கண்டியிலிருந்து அக்குறணை ஊரைத் தாண்டி அதே வீதியில் போனால் வரும் மாத்தளையில் சனங்கள் கிளர்ந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள்.

பங்குப் படலம்

நூற்றாண்டு ஒன்றரை தாண்டியது. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2008 முடிவில் 1,500 அளவில் கிடந்த கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண், 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. அதுவரை அக்குறணையில் பங்கு என்றால் குர்பான் மாட்டில் ஏழில் ஒன்று. இப்போது தேத்தண்ணிக் கடையில் வேறு பேச்சு.

"நானா, நாம ஒரு லட்சம் போட்டா தரகர் இன்னொரு லட்சம் தாராராம்."

"திருப்பிக் கேட்டா?"

"ஏறிட்டே போகுது நானா, ஏன் கேக்கப்போறாரு?"

கேட்டார். கணக்கு இதுதான்: சொந்தப் பணம் ஒரு லட்சம், தரகர் கடன் ஒரு லட்சம், ஆக இரண்டு லட்சத்துக்குப் பங்கு. விலை கால்வாசி விழுந்தால் சொந்தப் பணத்தில் பாதி காலி. பாதி விழுந்தால் முழுவதும் காலி. கடன் மட்டும் ஒரு சதமும் குறையாது. முழுவதும் காலியாகும் முன்பே தரகர் உங்களைக் கேட்காமல் பங்கை விற்றுத் தன் காசை எடுத்துக்கொள்வார். அந்த விற்பனையால் விலை இன்னும் விழும். அடுத்தவர் பங்கும் விற்கப்படும். பிங்கா ஓயா ஆற்றில் வெள்ளம் ஏறும்போது சாமானை மேல்தட்டில் ஏற்றத் தெரிந்த ஊர்தான்; சுட்டெண் ஏறும்போது எதையும் எடுத்துவைக்க எவருக்கும் தோன்றவில்லை. வட்டிக் கடன் ஹராம் என்று ஒதுங்கி, சொந்தக் காசில் மட்டும் வாங்கியவர்களுக்கு நட்டம் வந்தது. தரகர் வாசலுக்கு வரவில்லை.

நாற்காலிப் படலம்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழு தூங்கவில்லை. தரகர் கடனுக்குக் கட்டுப்பாடு போட்டது. தாறுமாறாக ஏறிய பங்குகளின் விலைக்கு நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தது. உடனே தரகர்களும் பெரும் முதலீட்டாளர்களும் ஓலமிட்டார்கள்: சந்தையைக் கொன்றது கடன் அல்லவாம், கடனை நிறுத்தச் சொன்ன சட்டமாம்! கட்டுப்பாடு தளர்ந்தது, கெடு நீண்டது. 2011 டிசம்பரில் தலைவர் இந்திராணி சுகததாச பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன, விசாரணைகளுக்கு எதிராக அழுத்தம் வருகிறது என்று சொல்லி 2012 ஓகஸ்டில் விலகினார். ஒரு வருடத்துக்குள் இரண்டு தலைவர்கள். அந்த 2012 நடுவில் சுட்டெண் 5,000க்குக் கீழே கிடந்தது.

பலன்

புராணம் கேட்டவர்க்குப் பலன் சொல்லவேண்டும். கோப்பிக் காலத்தில் வேலி பிந்தி வந்தது. பங்குக் காலத்தில் வேலி நேரத்துக்கு வந்தும் கட்டியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே கட்டுப்பாடு நம்மைக் காக்கும் என்று நம்பிக் கடனுக்குக் கையொப்பம் வைக்காதீர்கள். சொந்தக் காசில் வாங்கிய பங்கு விழுந்தால் பொறுத்திருக்கலாம். கடன் காசில் வாங்கினால், பொறுப்பதா விற்பதா என்று முடிவெடுப்பவர் கடன் தந்தவர்.