வாலறுந்தாலும் பல்லி: ஒரு மளிகைக்கடை ஆய்வு

வாலை உதறிவிட்டு ஓடினாலும் பல்லி பல்லிதான். எண்களுக்கும் இந்தக் குணம் உண்டா என்பதே இவ்வாய்வின் வினா. கருவி: தெருமுனை மளிகைக்கடையின், எண்ணெய்ப் பிசுக்கேறிய பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர். நிதியுதவி கோரப்படவில்லை, கோரினாலும் கிடைத்திருக்காது.

எடுத்துக்கொண்ட எண் 7,39,39,133. (மேலை முறையில் 73,939,133 என்று காற்புள்ளி வைத்தால் அந்த இரட்டை முப்பத்தொன்பது கண்ணில் படாது. கோடி, இலட்சம் என்று எண்ணுகிறவர்களுக்கு மட்டுமே அந்த அழகு.) இது பகா எண், பாகப்பிரிவினைக்கு மசியாத மூத்த அண்ணன் மாதிரி. சரிபார்க்க 8598 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டதால் நான் 13-ஓடு நிறுத்தி, மற்றதற்குக் கணித அறிஞர்களை நம்பினேன்.

அம்புக்குறிப் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் கடைசி இலக்கம் போகும். 7393913: பகா எண். இன்னொரு தட்டு, 739391: அதுவும். 73939, 7393, 739, 73, முடிவில் 7. ஏழு முறை வால் போயும் குணம் மாறவில்லை.

பதின்ம முறையில் இப்படிப்பட்டவை மொத்தமே 83. இதுதான் மிகப் பெரியது. ஏன் மேலே வளரவில்லை? இரட்டைப்படையோ 5-ஓ வாலில் ஒட்டினால் கதை முடிந்தது. மிஞ்சுவது 1, 3, 7, 9. இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. அதனுடன் 1 சேர்ந்தால் 39, 7 சேர்ந்தால் 45. இரண்டிலும் மூன்றாம் வாய்ப்பாடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 3-ஐயும் 9-ஐயும் ஒட்டினாலும் வேறு வகுத்திகள் கிளம்பிவிடுகின்றன. எண்ணுக்குள் 1 ஒரே முறை வருவதும் இதனால்தான்: 7-க்குப் பின் ஒரு 1 நுழைந்ததும் அடுத்த 1-க்கும் 7-க்கும் கதவு சாத்தியாகிவிட்டது.

தலையை வெட்டினால்? பூச்சியம் கலவாதவற்றில் 4260 எண்கள் தாங்குகின்றன. பெரியதற்கு 24 இலக்கம்: 357686312646216567629137. அதுவும் தேய்ந்து தேய்ந்து 7-இல்தான் நிற்கும். தலை வெட்டில் கடைசி இலக்கம் பத்திரமாக இருக்கிறது. வால் வெட்டில் ஒவ்வொரு இலக்கமும் ஒருநாள் கடைசியில் நின்றாக வேண்டும். ஆக, தலையில்லாமல் காலம் தள்ளுவது வாலில்லாமல் தள்ளுவதைவிட எளிது. அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

24 இலக்கத்தை ஏற்ற முயன்றேன். பாதியிலேயே திரை நிறைந்தது. சரி என்று பழைய எண்ணையே மறுபடி அடித்து வைத்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“ஏழு கோடியா? நீங்க வாங்குனது கால் கிலோ உளுந்து சார்.”

ஒரே தட்டு. திரையில் பூச்சியம். அது பகா எண் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உளுந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது.