தேர்வெழுதிச் சேர்க்கும் பட்டம்

கேள்வி: அமெரிக்காவில் வகுப்புக்கே போகாமல், தேர்வுகளை மட்டும் எழுதிக் குறைந்த செலவில் இளநிலைப் பட்டம் பெற்றுவிடலாமாமே?

பதில்: முழுப் பட்டத்தையும் பெறுவது அரிது, ஆனால் அதில் கணிசமான பகுதியை அவ்வாறு ஈட்டலாம். அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள், அதாவது கற்றலின் அளவைக் குறிக்கும் அலகுகள், தேவைப்படுகின்றன. காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வு, பாடத்தை ஒருவர் எங்கே கற்றார் என்று கேளாமல், பெரும்பாலும் 90 நிமிடங்களில் அறிவை மட்டும் அளக்கிறது. 80 வரை செல்லும் அளவுகோலில் 50 பெற்றவருக்குப் பல பாடங்களில் 3 கிரெடிட்டுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரு பருவம் முழுவதும் கடைசி வரிசையில் உறங்கி எழுந்தவருக்குக் கிடைப்பதும் அதே 3 கிரெடிட்டுகள்தாம், கட்டணம் மட்டும் பல மடங்கு.

ஆயினும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டும்: மதிப்பெண் தருவது தேர்வு அமைப்பு என்றாலும், அதைக் கிரெடிட்டாக ஏற்பதும், பிற கல்லூரிகளில் படித்தவற்றை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதும் பட்டம் வழங்கும் கல்லூரியின் விருப்பம். இறுதி 30 கிரெடிட்டுகளையேனும் தம்மிடமே படிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் கல்லூரிகளும் உண்டு. பட்டப்படிப்பின் மேல்நிலைப் பாடங்களுக்குக் கிளெப் பெரிதும் கைகொடுப்பதில்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்து, அது ஏற்கும் தேர்வுகளின் பட்டியலைப் படித்து, அதன் பின்னரே தேர்வுக்குப் பணம் கட்டுவது முறை. பணிபுரியும் வயதுவந்தோரை எண்ணி 1970களில் தோன்றிய தாமஸ் எடிசன், சார்ட்டர் ஓக் போன்ற கல்வி நிறுவனங்கள் இவ்வகையில் தாராளமானவை.

கிளெப்பின் மொழித் தேர்வுகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகியவை உண்டு. தமிழ் இல்லை என்பதால், தமிழ் பேசுவோர் வேறு பாடம் பார்க்க வேண்டியதுதான்.