இளவரசி முகம்: ஓர் ஒப்பனையியல் ஆய்வு

தமிழில் ஆய்வேட்டுக்குப் பஞ்சமில்லை. பூவுக்கு ஒரு பார்வை, புளிக்கு ஒரு நோக்கு, புறநானூற்று யானைக்குப் பன்முக அணுகுமுறை என்று பல்கலைக்கழக நூலக அலமாரிகள் பாரம் தாங்காமல் வளைந்து நிற்கின்றன. ஆனால் பெங்களூரில் சனி, ஞாயிறு மாலைகளில் பெள்ளந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் அடுக்குமாடிக் கிளப்ஹவுஸுக்குள் நீலக் கவுனோடு நுழைகிறாளே ஒரு பெண், யார் வீட்டுக் குழந்தைக்கோ ஐந்து வயது நிறைந்ததற்காக வாடகைக்கு வந்த 'ஃப்ரோஸன்' படத்து எல்சா, அவளுடைய முகப்பூச்சைப் பற்றி எந்தப் பேராசிரியரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை தேடி அலைவோர் நலன் கருதி இத்துறையை இன்று திறந்துவைக்கிறேன்.

மூல நூல்

ஆய்வுக்கு மூல நூல் வேண்டும். கிடைக்கவில்லை. ஆகவே 'ஒப்பனை விளக்கம்' என்ற நூலை நானே இயற்றினேன். உரை எழுதியவனும் நானே. உரையை மறுத்தவனும், மறுப்பை மறுத்தவனும் நானே. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றம் என்றால் நம் ஆய்விதழ்களில் பாதிப் பக்கம் வெள்ளையாகத்தான் வரும்.

தொன்மை

நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காக வகுத்து, உடை, அணி, பூச்சு எல்லாவற்றையும் ஆகார்யத்தில் அடக்கியது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி பூணும் அணிகள் கால்விரலில் தொடங்கித் தலைவரை வரிசையாக வருகின்றன. இரண்டு நூலிலும் எல்சா இல்லை. அஃதேல் பண்டைத் தமிழர் எல்சாவை அறியார் போலும் எனின், அற்றன்று. மூன்று சங்கமும் 4440, 3700, 1850 என மொத்தம் 9990 ஆண்டு நடந்ததாக இறையனார் களவியலுரை கணக்குச் சொல்கிறது. இத்தனை ஆண்டில் ஒரு பிறந்தநாள் விழாகூடவா நடந்திராது? நடந்தது. கடல் கொண்டுவிட்டது. சான்று இல்லாததையே சான்றாகக் கொள்ளும் இம்முறை முன்னோர் எனக்கு வகுத்துத் தந்தது.

வகைப்பாட்டுச் சிக்கல்

எல்சா இளவரசியே அல்லள். 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே முடிசூடி ஆரன்டெல்லின் ராணியாகிவிடுகிறாள். டிஸ்னியின் அதிகாரபூர்வ இளவரசிகள் வரிசையிலும் அவளுக்கு இடமில்லை. ஆக, இக்கட்டுரையின் தலைப்பே பிழை. ஆய்வுத் தலைப்பைப் பதிந்தபின் மாற்றுவதற்கு வாங்க வேண்டிய கையெழுத்துகளை நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

அடித்தளப் பூச்சு

தெருக்கூத்துக் கலைஞர் அரிதாரமும் முத்துவெள்ளையும் பூசியது தொலைவுக்காக. களத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் மீசை தெரிய வேண்டும். ஜெமினி ஸ்டுடியோ பேன்கேக் என்ற முகப்பூச்சை லாரி லாரியாக வாங்கியதாக அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். அந்த ஒப்பனை அறையில் தார்வாட்டுக் கன்னடர் ஒருவரும் இருந்தார் என்பதால், கர்நாடகத்துக்கும் நம் முகப்பூச்சுக்கும் உள்ள உறவு ஈண்டு ஐயமற நிறுவப்படுகிறது.

எல்சாவுக்கோ தொலைவு கிடையாது. அவளுடைய ரசிகை மடியில் ஏறி, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்ப்பவள். மேடைப் பூச்சை அப்படியே போட்டால் குழந்தை அலறும். மெலிதாகப் போட்டால் போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா அலறுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டு பவுடரையும் ஒற்றினால் ஃபிளாஷ் இருக்கிறது: சிலிக்கா கலந்த பவுடர் நேரில் தெரியாது, படத்தில் மாவு மில்லிலிருந்து வந்தவள் போலக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே நிறம் பற்றி ஒரு குறிப்பு. விழா வீட்டார் போனில், “கொஞ்சம் ஃபேரா இருக்கிற பொண்ணா அனுப்புங்க” என்று சொல்வதுண்டு. ஏற்பாட்டாளரும் இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷனை எடுத்துக் கொடுப்பார். அதன் விளைவை நூற்பா ஒரே வரியில் சொல்கிறது: முகம் ஆரன்டெல், கழுத்து அல்சூர் (ஒப்பனை விளக்கம், நூ. 7).

கண்

கைவினைக் கடையில் விற்கும் ஜிகினா வேறு, முகத்துக்கென்று செய்த ஜிகினா வேறு. முன்னது கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும். இந்த ஒரு செய்தி மட்டும் வேடிக்கையில்லை.

உதடு

கேக் வெட்டும் வரை இருக்கும்.

மூக்கு

உண்டு.

பின்னல்

இனிதான் ஆய்வு. எல்சாவின் பின்னல் எந்தத் தோளில் விழ வேண்டும்? படத்தில் அவள் மலையேறிப் பாடி, கூந்தலை அவிழ்த்து முன்னே எறியும்போது பின்னல் இடத்தோளில் வந்து விழுகிறது. அப்படி விழும்போது அது அவளுடைய இடக்கையை ஊடுருவிக்கொண்டு போகிறது; கணினிக்காரர் செய்த சித்து. இதைச் சான்றாகக் கொண்டு எழுந்தது இடந்தோள் மரபு. ஆனால் பெங்களூரில் வலத்தோளில் பின்னல் போட்ட எல்சாக்களும் திரிகிறார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

என் முடிபு: செல்ஃபியிலிருந்து. முன்கேமரா இடத்தை வலமாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பழகியவள் தன் பின்னலை வலத்தில் போட்டாள். அவளைக் கண்ணாடியில் பார்த்துக் கற்றவள் மறுபடி இடத்தில் போட்டாள். இவ்வாறு தலைமுறைக்கு ஒரு முறை மரபு தோள் மாறும். நூற்பா இரு சாராரையும் அணைக்கப் பார்க்கிறது:

இடந்தோள் வீழினும் வலந்தோள் வீழினும்
பின்னல் பின்னலே பிறிதொன் றன்றே (நூ. 12)

முதல் உரைகாரர் இதை உள்ளபடி படித்து, எந்தத் தோளும் ஆகும் என்றார் (ப. 41). மறுப்புரைகாரர் கொதித்தெழுந்து, 'வலந்தோள்' என்பதை முப்பத்தாறு நூற்பா தாண்டிச் சவுரிமுடி இயலில் கொண்டுபோய்க் கூட்டி, அது பார்ப்பவரின் வலந்தோள் என்று பொருள் கண்டார் (ப. 41-இன் பின்புறம், பென்சிலில்). எட்டிக் கிடக்கும் சொல்லைக் கூட்டிப் பொருள் காண்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காட்டிய வழி ஆகையால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. மறுப்புக்கு மறுப்போ, எல்சாவுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதையும் பின்னல் அங்கே தொங்கலாம் என்பதையும் முதன்முதலாக எடுத்துக்காட்டி இரு மரபினராலும் விலக்கிவைக்கப்பட்டது (மூன்றாம் தொகுதி, பக். 112–340, கரையான் தின்றது, சேலம் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் மறந்துவைத்த கைப்படியோடு ஒப்புநோக்குக).

1707-இல் மதராசில் இடங்கைச் சாதியாரும் வலங்கைச் சாதியாரும் எந்தத் தெரு யாருக்கு என்று மோதிக்கொண்டதை வரலாற்றுத் துறையினர் பொருளாதாரத்தால் விளக்குவார்கள். கையிலேயே அவ்வளவு பகை என்றால் தோளில் எவ்வளவு இருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இதற்கு மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு வேண்டும். பையும் குறிப்பேடும் நான் தருகிறேன்; மதிய உணவு யாராவது ஏற்க வேண்டும்.

வாயிற்படலம்

முகத்தைத் துப்பட்டாவால் மூடி ஆட்டோவில் வரும் எல்சாவை வாயிற்காவலர் நிறுத்தி, எந்த பிளாக், எந்த ஃபிளாட் என்று கேட்டு, ஆப்பில் ஒப்புதல் வரும்வரை ஓரமாக நிற்கச் சொல்வார். அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக நிற்கும் திருவள்ளுவரே 18 ஆண்டு துணிக்குள் காத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் இந்த ஊருக்கு முகம் காட்டினார். இவள் பொறுக்கலாம். பொய் இமைமுடியை ஒட்டிய பசைதான் பொறுக்காது: ஓரத்தில் கிளம்பத் தொடங்கிவிடும்.

கள ஆய்வு

ஒப்பனையின் தரத்தை அளக்க உரையாசிரியர்கள் வகுத்த கருவிகள் அனைத்தும் பயனற்றவை. களத்தில் நிலவும் அளவுகோல் ஒன்றே: குழந்தை “அக்கா” என்றால் தேர்ச்சி, “ஆண்ட்டி” என்றால் தோல்வி. இதற்கு மறுகூட்டல் கிடையாது.

என் காதில் விழுந்தவரை குழந்தைகள் கேட்பவை சிலவே. “ஒலாஃப் எங்கே?” “ஐஸ் விடுங்க.” “பாத்ரூம் போவீங்களா?” ஃபவுண்டேஷன் எந்த ஷேடு என்றோ, பின்னல் எந்தத் தோள் என்றோ, ராணியா இளவரசியா என்றோ எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. 'ஃப்ரோஸன் 2' தமிழில் வந்தபோது எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்தார். தமிழ் பேசும் பனி ராணியைக் கேட்ட பிள்ளைகளுக்கு அல்சூர்க் கழுத்து ஒரு பொருட்டே இல்லை. நிறம் கேட்டவர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். இக்கண்டுபிடிப்பு என் கருதுகோளுக்கு முற்றிலும் எதிரானது ஆதலால் ஆய்வு நெறிப்படி இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்சாவை வீட்டுக்கு அழைக்கப்போகும் பெற்றோருக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். நிறம் கேட்காதீர்கள். வாயிற்காவலரிடம் முன்னதாகச் சொல்லிவையுங்கள். விழா முடிந்ததும் ஒரு தட்டில் கேக்கும், முகம் கழுவ ஒரு குளியலறையும், ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள். ஒட்டிய இமை எண்ணெய் பட்டால்தான் வலிக்காமல் கழன்றுவரும்.