மருமகன் வந்திருக்கிறான்

ஆதாரம் எழுதிப் பிழைத்தவன் நான். வெளியூர்க்காரர்கள் பத்திரம் என்று வாசித்துக்கொள்ளலாம். நாகர்கோவில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கெல்லை எழுதி எழுதி, ஒரு தென்னங்கன்றைக்கூட எல்லை போடாமல் நினைத்துப் பார்க்க எனக்கு வராமல் போய்விட்டது. ஆகவே எங்கள் குளிமுறியில் ஒரு தேரை குடியேறியபோது வீட்டில் மற்றவர்கள் அலறினார்கள். நான் சொத்து விவரம் குறித்துக்கொண்டேன். பிளஷ் டேங்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. வடக்கே வென்டிலேட்டர், தெற்கே கீசர் பைப்பு, கிழக்கே சுவர், மேற்கே என் துவர்த்து தொங்கும் கம்பி. இதற்குள் அகப்பட்ட இடம் முழுவதும்.

மரத்தவளை இனம். பகலெல்லாம் கைகால்களை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி அசையாமல் கிடக்கும். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த ஒருவர் சோப்பு என்றே நினைத்து எடுத்துவிட்டார். தேரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. குளித்ததும் குளிக்காததுமாக அவர் முற்றத்துக்கு வந்து நின்ற கோலத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

நிறம் மாற்றுவதில் தனிக் கெட்டிக்காரத்தனம். இருட்டு மூலையில் தவிட்டு நிறமாக இருக்கும். வெளிச்சத்தில் வெள்ளை டைல்ஸில் போய் ஒட்டினால் சற்று நேரத்தில் வெளிறி, கண் மட்டும் தனியாக மிதக்கும். என் மனைவி பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என இரண்டு குடித்தனம் இருப்பதாக நெடுநாள் நம்பினாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சி. பெரியம்மை திண்ணையில் உட்கார்ந்தே தீர்ப்புச் சொன்னாள்: “தேரை மோந்தா தேங்கா சுருங்கிப்போவும், கேட்டியா மக்கா. மேல மூத்திரம் பெய்ஞ்சா மரு முளைக்கும்.” மரு முளைப்பது வைரஸால். தேங்காய் சொட்டையாகிப் போனதற்கு ஈரியோபைட் சிலந்தியும் ஒரு காரணம்; 1990-களின் கடைசியில் கேரளத்துத் தோப்புகளில் தலைகாட்டி நம் பக்கமும் பரவியது. கண்ணுக்குத் தெரியாத சிலந்தி செய்ததற்கெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தேரை பழி சுமக்கிறது. கோர்ட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். அடுத்த வீட்டு அண்ணாச்சி சொன்னதில்தான் கொஞ்சம் சாரம் இருந்தது: “தவள வந்தா பொறத்தால சாரை வரும், ஓய்.”

சாரை என்ற சொல் காதில் விழுந்த அன்றே வெளியேற்ற உத்தரவு பிறந்தது. உத்தரவு போட்டது மனைவி, அமீனா நான். வாளியில் பிடித்து, மேலே பழைய சாரத்தைக் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் பழையாற்றங்கரையில் விட்டேன். ஆற்றங்கரை, பச்சை, காற்று, பூச்சி. நான்கூட அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு தாவலில் தாழைப் புதருக்குள் போய்விட்டது. குளிமுறியில் அமைதி திரும்பியது.

சில நாள் கழித்து அதே இடுக்கில் ஒன்று. ஆனால் சிறியது. முந்தினதில் பாதி இருக்கும்.

“இது யாரு?” என்றாள் மனைவி.

“மருமகன்” என்றேன்.

நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: இங்கே வேளாளர்களிடையே மருமக்கள் வழி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. குடும்பத்துக் காரணவர் கண்ணை மூடினால் சொத்து அவர் பெற்ற பிள்ளைக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. சொத்து மருமகன் பக்கம் போக, மனைவி மக்கள் அல்லாடிய கதையைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று நையாண்டியாகவே பாடி வைத்திருக்கிறார். பிறகு 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள் வழிக்கு மாற்றிவிட்டது. அந்தச் சட்டம் தேரைகளைக் கட்டுப்படுத்தியதாக எந்தப் பிரிவிலும் இல்லை. காரணவரை நான் பழையாற்றுக்கு அனுப்பினேன். மருமகன் வந்து முறைப்படி சுவாதீனம் எடுத்துக்கொண்டான்.

மரத்தவளைகளில் ஆணைவிடப் பெண்தான் பெரிது என்று பின்னால் படித்தேன். அப்படியானால் போனது காரணவரில்லை, தறவாட்டு அம்மையாக இருக்கவேண்டும். வழக்கு இன்னும் பலமாகிவிட்டது. சொத்து இறங்குவதே பெண்வழியில்தானே.

சரி, மூலம் பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் இரும்புப் பெட்டியைத் திறந்து என் வீட்டு ஆதாரத்தை எடுத்தேன். நஞ்சை. பூதப்பாண்டி சாலையை ஒட்டிய ஏலாவில் ஒரு துண்டு. கிழக்கே வாய்க்கால், வடக்கே குளத்தங்கரை. அந்த வாய்க்கால் இப்போது சிமெண்டு ரோடு. குளத்தில் மண்ணடித்து மனை போட்டு ‘லேக் வியூ’ என்று பெயர் வைத்தாயிற்று. லேக்கை நிரப்பிய பிறகு வியூ மட்டும் மிச்சம். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் நெல் விளைந்த காலத்தில் இந்த இடத்தில் இரவெல்லாம் யார் கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்? என் தகப்பனார் இல்லை. அந்த வட்டாரத்தில் வருடம் முழுக்க ஈரம் காயாத இடம் என்று இனி மிஞ்சுவது எங்கள் குளிமுறிதான். வந்தவன் புதுக் குடியிருப்புக் கேட்டு வரவில்லை. பழைய கைவசத்தைப் புதுப்பித்திருக்கிறான்.

ஆவணமும் அவன் பக்கமே. ஜான் எட்வர்ட் கிரே என்ற லண்டன் அருங்காட்சியகத்து ஆள் 1830-லேயே இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். நம் சுண்ணாம்பையே சேர்த்து ‘சுனாம் பிராக்’ என்று ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயரும் இருக்கிறது. வெள்ளைக்காரனின் வீட்டுச் சுவரிலும் இதே மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் ஆதாரமோ 1994. காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்தில் 12 வருடம் எதிரிடை அனுபோகம் இருந்தாலே ஒரு வக்கீல் எழுந்து நிற்பார். நான் எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்பதால் பெட்டியை மூடிவிட்டேன்.

மனைவி கட்சி மாறியது சட்டத்தால் அல்ல. கரப்பான்பூச்சியால். அவள் கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவாள். ஒரு ராத்திரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கொழுத்த கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது. மருமகன் சுவரைவிட்டுப் பறந்தான். மறுநிமிடம் வாய்க்கு வெளியே இரண்டு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. விழுங்கும்போது கண்ணிரண்டையும் இறுக்கி மூடி உள்ளே இழுத்துக்கொண்டான். ருசியில் சொக்கியதாக நினைக்கவேண்டாம். தவளைக்குக் கண்விழி உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவும். மனைவிக்கு உடற்கூறு தேவைப்படவில்லை. “சவம், கெடந்துட்டுப் போட்டும்” என்றாள். நாஞ்சில்நாட்டில் இதைவிடக் கனிவான சொல் கிடையாது.

அதன்பிறகு பினாயில் நின்றது, ஆசிட் நின்றது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சும். தரையில் ஊற்றுகிறதெல்லாம் அதன் உடம்புக்குள் போகும் என்று நான் சொன்னதை, எனக்குக் கொடுக்காத மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னபோது ஊறுகாய் இவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை.

இடவப்பாதி மழை பிடித்ததும் மருமகன் வாயைத் திறந்தான். அதுவரை ஊமையென்று நினைத்திருந்தோம். மரக்கதவை யாரோ தட்டுகிற ஓசை. முதல்நாள் நான் வாசற்கதவைத் திறந்து, ஆளில்லாத மழையைப் பார்த்து “யாருவே அது?” என்று கேட்டேன். மூன்றாம் வீட்டுக்காரரும் திறந்து பார்த்திருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கு வாயால் கல்யாணமானது. ஒரு காலையில், வென்டிலேட்டருக்கு வெளியே மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம்மின் விளிம்பில் வெள்ளையாக நுரை. வாஷிங் பவுடரைச் சிந்திவிட்டதாக மனைவி என்னைத்தான் பிடித்தாள். பெண் தவளை சுரப்பதைப் பின்னங்காலால் அடித்துக் கடைந்த நுரைக்கூடு அது. வெளிப்பக்கம் உலர்ந்து காய்ந்துவிடும். உள்ளே முட்டை ஈரமாக இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீருக்குள் சொட்டின. அந்த டிரம்மிலிருந்து செடிக்குக்கூட ஒரு செம்பு மொள்ள எனக்கு அனுமதி இல்லை.

போன மாதம் குளிமுறியில் ஒழுக்கு பார்க்கப் பிளம்பர் வந்தான். டேங்கை மாற்றினான், பைப்பை மாற்றினான், கடைசியில் வென்டிலேட்டரில் உடைந்த கண்ணாடியைக் காட்டி, “அக்கா, இந்த ஓட்டைய அடச்சிரட்டா?” என்றான்.

“அடச்சா அது எப்பிடி வரும்?”

“எது?”

மனைவி காட்டினாள். அவன் பார்த்தான், நெற்றியைச் சொறிந்தான், ஒன்றும் சொல்லாமல் சாமான்களைக் கட்டினான். பில்லைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். டேங்கு, பைப்பு, கூலி. அதற்குக் கீழே, வென்டிலேட்டர் அடைக்காமல் விட்ட வகையில், ரூபாய் 150.